இருபத்தொன்பதாம் வீட்டின் தண்ணீர் முறை

சென்ற மாதம் எங்கள் மாடிக் கட்டடத்தில் குடியிருப்போர் கூட்டம் நடந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் ஐந்து மாடி, இருபது வீடு, கூரையில் இரண்டு தண்ணீர்த் தாங்கி. பின்புறம் கால்வாய் ஓரமாகப் பலகை வீடுகளில் இருக்கும் சனங்களுக்கு எங்கள் மதிலுக்கு வெளியே ஒரு குழாய் வைத்துக் கொடுக்கலாமா என்று யாரோ ஒரு பெண் கேட்டாள். மூன்றாம் மாடிக்காரர், ஓய்வு பெற்ற பொறியியலாளர், கதிரையில் சாய்ந்தபடி சொன்னார்:

"தண்ணி குடுத்தால் மட்டும் முன்னேறிடுவாங்களோ? விடிய எழும்பி வேலைக்குப் போகவேணும். அந்தப் பழக்கம் அவங்களிட்ட இல்லை."

பதினான்கு பேர் தலையாட்டினார்கள். நான் எண்ணினேன். எனக்கு ஆத்திரம் வந்தது. முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வாய் திறக்காததால் என்னையும் பதினைந்தாவது தலையாகச் சேர்த்துக்கொள்ளலாம். விடிய எழும்பத் தெரியாதவர்கள் என்று அந்த மனிதர் சொன்னவர்களை நான் ஒன்பது வருடம் குசினி ஜன்னலால் பார்த்தவன். அதை அவருக்கு முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் போனதால் இங்கே எழுதுகிறேன்.

யுத்த காலத்தில் நான் கொட்டாஞ்சேனையில் இருந்தேன். அங்கே தோட்டம் என்றால் மரம் செடி கொடி இல்லை. குடை விரித்து நடக்க முடியாத ஓர் ஒழுங்கை, அதன் இரண்டு பக்கமும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட ஒற்றை அறை வீடுகள். எங்கள் தோட்டத்தில் அப்படி நாற்பத்து மூன்று. எங்கள் தோட்டம் என்று எழுதிவிட்டேன், அதுவும் பொய். நான் தோட்டத்துக்குள் இருக்கவில்லை. அதன் வாசலில், வீதியைப் பார்த்த கல்வீடு ஒன்றில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். எங்களுக்குப் பின்வளவில் சொந்தக் குழாய் இருந்தது. தோட்டத்தாருக்கு, எங்கள் குசினி ஜன்னலிலிருந்து பன்னிரண்டு அடி தூரத்தில், எல்லாருக்குமாக ஒன்று.

அதில் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும். ஏழரைக்கு நின்றுவிடும். பிறகு மறுநாள் ஐந்து மணிதான். ஒழுங்கையின் கடைசியில் ஒரு கிணறும் இருந்தது. அதிலிருந்து ஆறு எட்டுத் தூரத்தில் பொதுக் கக்கூசு. கிணற்றுத் தண்ணீரின் மேல் எண்ணெய் படிந்ததுபோல ஒரு படலம் நிற்கும். குழாயில் கிடைக்காதவர்கள் அதைத்தான் அள்ளினார்கள். அள்ளிய வீட்டில் அந்தக் கிழமை யாராவது ஒருவர் வயிற்றோட்டத்தோடு படுப்பார். நாட்கூலிக்காரன் படுத்தால் அந்த வீட்டு அடுப்பும் படுத்துவிடும். பொறியியலாளரே, முன்னேற்றம் இப்படித்தான் நின்றுபோகிறது. சோம்பலுக்கு அதில் வேலையே இல்லை.

நான் கொச்சிக்கடைப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் மூட்டை எண்ணுகிற கிளார்க். லொறியிலிருந்து மூட்டை இறங்க இறங்க, நாலு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒன்று என்று போட்டுக்கொண்டே இருப்பேன். முப்பத்தொரு வருடம் அதைச் செய்தவனுக்கு எதையும் எண்ணாமல் பார்க்க வராது. தோட்டத்தார் என்னைக் கிளாக்கர் ஐயா என்றார்கள். கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் நக்கல்.

இரண்டாவது குழாய் கேட்டு ஒரு மனு எழுதித் தரும்படி அவர்கள் ஒருமுறை வந்தார்கள். எழுதினேன். நானே நீர்வழங்கல் கந்தோருக்கும் கொண்டுபோனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கடிதத்தை வாசித்துவிட்டு, "வீடு எத்தனை என்று போட்டிருக்கிறீர்கள். வீடு தண்ணீர் குடிக்காது. ஆள் எத்தனை? பெயர், அடையாள அட்டை இலக்கம், எல்லாம் போட்டுக் கொண்டுவாருங்கள்" என்றார். அவர் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. எந்த நாட்டிலும் கேட்பார்கள்.

ஆனால் அந்த வருடங்களில் கொழும்பில் பெயர்ப் பட்டியல் என்றால் வேறு அர்த்தம். ஒவ்வொரு வீட்டிலும் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்து, முத்திரை குத்திய தாளை வீட்டில் வைத்திருக்க வேண்டும். தாளில் இல்லாத ஆள் வீட்டில் இருந்தால் அந்த ஆளையும் கொண்டுபோவார்கள், வீட்டுக்காரனையும் கொண்டுபோவார்கள். தோட்டத்தில் தாளில் இல்லாதவர்கள் நிறையப் பேர். வடக்கிலிருந்து வந்தவர்கள், மலையகத்திலிருந்து வேலை தேடி வந்தவர்கள், சும்மா அக்கா வீட்டில் படுத்துக் கிடந்தவர்கள். கந்தோர்க்காரர் சொன்னதை நான் குழாயடியில் நின்று சொன்னபோது முச்சக்கரவண்டி ஓட்டும் பதினேழாம் வீட்டுக்காரன் கேட்டான்:

"ஆளை எண்ணிக் குடுத்தா மொதல்ல எது வரும் கிளாக்கர் ஐயா, தண்ணியா, ஜீப்பா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. காரணம், எங்கள் வீட்டுத் தாளில் இரண்டு பெயர்தான். வீட்டில் மூன்று பேர். மனைவியின் தம்பி, என் மச்சான், யாழ்ப்பாணத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவர். வெளிநாடு போகக் கடதாசிகளை எதிர்பார்த்து எங்கள் பின்னறையில் இருந்தார். அடையாள அட்டை தொலைந்துபோனதால் அவரைப் பதிய முடியவில்லை. பின்னறையின் கதவு நேரே பின்வளவுக் குழாயடியில் திறக்கும்.

இரண்டாவது குழாய்க் கதை அதோடு முடிந்தது. இருந்த ஒன்றில் சண்டை நடந்தது.

விடியற்காலையில் என் ஜன்னலுக்குள் வரும் பேச்சுகளை இங்கே எழுத முடியாது. குழாயடியில் ஒழுங்கு என்று எதுவும் இல்லை என்றே எனக்குத் தோன்றியது. யார் வாளி முதல், யார் வாளியை யார் தள்ளினாள், யாருடைய தாய் எப்படிப்பட்டவள். இந்த இரைச்சலுக்கு நடுவே, "வேலைக்குப் போறவளுக்கு விடுங்கடி, வேன் போயிரும்" என்று யாராவது கத்துவார்கள். ஐந்தாறு பெண்கள் முந்திக்கொண்டு பிடித்துப் போவார்கள். அவர்களுக்கும் வசவு விழும். எனக்கு அது வெறும் முந்தல் என்றே பட்டது. ஒருநாள் தகர வாளியின் விளிம்பு பட்டு ஒரு கிழவிக்கு நெற்றி கிழிந்தது. நாலு தையல்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே போனேன்.

முதலில் மூன்று நாள் மணிக்கூட்டோடு ஜன்னலில் நின்று அளந்தேன். ஒரு வாளி நிறைய ஒரு நிமிடம் நாற்பது செக்கன். வீட்டுக்கு இரண்டு வாளி. வாளி மாற்றும் நேரத்தோடு மூன்றரை நிமிடம். நாற்பத்து மூன்று வீட்டுக்கு நூற்றைம்பது நிமிடம், அரை நிமிடம் மேல். தண்ணீர் வருவதும் நூற்றைம்பது நிமிடம். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கணக்கு அச்சொட்டாகப் பொருந்திவிட்டது.

ஆள் தொகைப்படி அளந்திருக்க வேண்டும். பதினொரு பேர் இருந்த வீட்டுக்கும் இரண்டு பேர் இருந்த வீட்டுக்கும் ஒரே இரண்டு வாளி என்பது நியாயம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் தலையை எண்ண யாரும் விடமாட்டார்கள், என் வீட்டுத் தலையை எண்ண நானும் விடமாட்டேன். அதனால் சுவர்களை எண்ணினேன்.

குழாயைப் பார்த்த என் குசினிச் சுவரில் ஒரு சதுரத்துக்குக் கறுப்புப் பூசி, வெண்கட்டியால் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினேன். ஒன்று முதல் நாற்பத்து மூன்று வரை வீட்டு இலக்கப்படி வரிசை. இன்று முதலில் பிடித்த வீடு நாளை கடைசி, மற்ற எல்லாரும் ஓரிடம் முன்னுக்கு வருவார்கள். வாளியோடு வீட்டாள் ஒருவர் நிற்க வேண்டும், ஒருவருக்காக இன்னொருவர் நிற்கக்கூடாது. கடைசி விதி, முறையை விற்பதைத் தடுக்க. நானே யோசித்துப் போட்டது.

ஒரு திங்கட்கிழமை தொடங்கியது. சண்டை நின்றது. கத்தல் இல்லாத விடியற்காலை கொட்டாஞ்சேனையில் எப்படி இருக்கும் என்று அன்றுதான் கேட்டேன். வாளியில் தண்ணீர் விழும் சத்தம், தூரத்தில் துறைமுகத்துச் சங்கு. மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து தந்து, "இப்பதான் மனுசர் இருக்கிற இடம் மாதிரிக் கிடக்கு" என்றாள்.

இனி இருபத்தொன்பதாம் வீட்டுக்காரியைச் சொல்ல வேண்டும். அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவன். கப்பலின் அடித்தட்டில் விழுந்து இடுப்பு முறிந்து இரண்டு வருடமாகப் படுக்கை. வேறு யாரும் அந்த வீட்டில் இல்லை. அவள் இரத்மலானையில் ஒரு கார்மென்ட்ஸில் சேர்ட் கொலர் தைத்தாள். சரியாக ஆறு மணிக்குச் சந்தியில் கம்பனி வேன் வரும். வேனை விட்டால் இரண்டு பஸ் மாறி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, எட்டு மணிக்குத்தான் போய்ச் சேரலாம். மாதத்தில் ஆறு நாள் பிந்தினால் ஏழாம் நாள் வேலையால் நிறுத்தி வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். அவள் கொண்டுவரும் சம்பளத்தைத் தவிர அந்த வீட்டுக்கு வேறு வரவு இல்லை.

தண்ணீர் பிடிக்காமலும் அவளால் போக முடியாது. படுக்கையில் கிடப்பவனைக் கழுவித் துடைத்து, சமைத்து, குடிக்கத் தண்ணீரைக் கைக்கு எட்ட வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கு எவ்வளவு பிந்தினாலும் ஐந்து முப்பத்தைந்துக்குள் தண்ணீர் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். முதல்நாள் சேமித்து வைக்கலாமே என்று மூன்றாம் மாடிக்காரர் கேட்பார். இரண்டு வாளி அன்றைய நாளுக்கே போதாது ஐயா. மிஞ்சினால் அல்லவா சேமிக்க? மிஞ்சினாலும் வைக்க ஒரு பீப்பாய் வேண்டும், பீப்பாய் வைக்க நிலம் வேண்டும். அந்த அறையில் கட்டில் போக மிச்சம் இருந்தது நாலடி.

என் வரிசையில் முதல் நாள் அவள் இருபத்தொன்பதாவது. தண்ணீர் கிடைத்தது ஆறு முப்பத்தெட்டுக்கு.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பிந்தினாள். வியாழன் தண்ணீர் பிடிக்காமலே வேனில் ஏறிவிட்டாள். அன்று முழுக்க அவன் கழுவாமல் கிடந்தான். மாலையில் வந்து கிணற்றுத் தண்ணீர் அள்ளிக் கழுவினாள். வெள்ளி மறுபடியும் பிந்தினாள். முறைக்காகக் காத்து நின்றவள் வாளியை அப்படியே விட்டுவிட்டு என் ஜன்னலுக்கு வந்தாள்.

"கிளாக்கர் ஐயா, எனக்கு முன்னுக்கு ஒரு எடம் போட்டுத் தாங்க. முந்தி எல்லாம் வேலைக்குப் போறவங்களுக்கு விடுவாங்க தானே."

"அது முறை இல்லை. ஒருத்திக்கு மாத்தினால் எல்லாருக்கும் மாத்த வேணும்."

"வேன்ல போற மத்தவங்களுக்கு வீட்டுல வேற ஆள் இருக்கே ஐயா."

நான் கையிலிருந்த கொப்பியைப் பார்த்துச் சொன்னேன்: "ஒவ்வொரு நாளும் ஓரிடம் முன்னுக்கு வாறாய். இன்னும் பதினைஞ்சு நாளிலை பத்தாவது ஆள் ஆயிடுவாய். பிறகு பத்து நாளைக்கு உனக்குப் பிரச்சினை இல்லை."

அவள் கொப்பியை எட்டிப் பார்த்தாள்.

"பதினஞ்சு நாளைக்கு வேன் நிக்குமா ஐயா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நான் ஜன்னலைச் சாத்தினேன்.

சனிக்கிழமை அவளுடைய பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண், முப்பதாம் இலக்கம், தன் இரண்டு வாளியோடு அவளுடைய இரண்டையும் கொண்டுவந்து வரிசையில் வைத்தாள். இருபத்தொன்பதாம் வீட்டுக்காரி வேனில் போய்விட்டிருந்தாள். முறை வந்தபோது பதினேழாம் வீட்டு முச்சக்கரவண்டிக்காரன் குழாயை மூடிப் பிடித்துக்கொண்டான்.

"கிளாக்கர் ஐயா! கொஞ்சம் எட்டிப் பாருங்க! வீட்டாள் நிக்கணும்னு தானே எழுதியிருக்கு? இது யாரு, இருவத்தொம்பதுக்குப் புதுசா வந்த வீட்டாளா?"

"அனே மாத்தயா," என்றாள் அந்தப் பெண் என்னைப் பார்த்து, ஐயாவைச் சிங்களத்திலும் மற்றதைத் தன் தமிழிலும். "அவ வேலைக்குப் போனது. நான் பக்கத்து வீடு தானே. ஒரே சுவர்."

"ஒரே சுவர்னா அவ புருஷனையும் நீயே பாத்துக்க!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பாக்கிறது தானே! நேத்து நான் தானே பெரட்டிப் போட்டது. நீ வாறதா கழுவ? வா, வா, சவுக்காரம் நான் தாறது!"

சிரிப்பும் கூச்சலும் எழுந்தன. ஒரு கணம் பழைய குழாயடி திரும்பி வந்ததுபோல இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. என்னுடைய ஐந்து நாள் அமைதி உடையப் போகிறது என்ற பயம்.

"வீட்டாள்தான் நிக்கவேணும்" என்றேன். "எழுதினது எழுதினதுதான்."

அந்தப் பெண் இருபத்தொன்பதாம் வீட்டு வாளிகளை வெறுமையாகத் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள். தகரம் தரையில் பட்ட சத்தத்தில் என்னைப் பற்றிய அவளுடைய அபிப்பிராயம் முழுவதும் இருந்தது. முச்சக்கரவண்டிக்காரன் ஜன்னலைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தான். அவனுக்கு எந்த வேனும் பிடிக்க வேண்டியதில்லை. அவன் ஒன்பது மணிக்கு வண்டியை எடுப்பவன்.

ஞாயிறு மாலை இருபத்தொன்பதாம் வீட்டுக்காரி எங்கள் வாசலுக்கு வந்தாள். வீதிப் பக்கத்து வாசலுக்கு. ஒரு வாளி கொண்டுவந்திருந்தாள். கிணற்றுத் தண்ணீர் பட்டுப் புருஷனுடைய முதுகுப் புண் பழுத்துவிட்டதாம். வேலையை விட்டால் மருந்துக்கு வழி இல்லை, வேலைக்குப் போனால் தண்ணீருக்கு வழி இல்லை. எங்கள் பின்வளவுக் குழாயில், விடிய, ஒரு வாளி. பத்தாம் இடத்துக்கு வரும்வரை மட்டும்.

"எங்களுக்கே தண்ணி காணாது" என்றேன்.

பொய். எங்கள் குழாயில் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வந்தது. அன்று காலை மனைவியின் மல்லிகைச் செடிக்கு மட்டும் அரை வாளி போயிருந்தது.

"உள்ள வரமாட்டேன் ஐயா. வாளிய வாசல்ல வைக்கிறேன். அம்மா ஊத்தி வச்சாப் போதும்."

"இல்லையெண்டால் இல்லை."

அவள் போனபின் மனைவி குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"இஞ்சேருங்கோ, ஒரு வாளி தானே. நான் மதிலுக்கு மேலாலை குடுப்பன்."

"இண்டைக்கு ஒரு வாளி. நாளைக்கு நாப்பத்து மூண்டு வாளி வாசலிலை நிக்கும். பிறகு ஒருத்தி உள்ளுக்கு எட்டிப் பாப்பாள். உன்ரை தம்பியைக் கொண்டுபோனால் உனக்குச் சம்மதமோ?"

"அவள் பாத்தாலும் சொல்ல மாட்டாள்."

"சொல்லுறவரைக்கும் எல்லாரும் சொல்லாத ஆக்கள்தான்."

பின்னறையிலிருந்து மச்சான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அன்றிரவு சாப்பிட வரவில்லை.

திங்கள் ஐந்தாம் தரம் பிந்தினாள். செவ்வாய் ஆறாம் தரம். புதன்கிழமை மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது அவள் ஒழுங்கையில் நிற்பதைக் கண்டேன். வாசலிலேயே வேலை நீக்கக் கடதாசியைக் கொடுத்துவிடுவார்கள் என்று தெரிந்து போகாமல் இருந்துவிட்டாளா, போய்த் திரும்பியா வந்தாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான். நாலு வருடம் தைத்த இடம். பிறகு அவள் ஒழுங்கையில் கிழங்கு அவித்து விற்றாள். கிழங்கு கழுவவும் தண்ணீர் வேண்டும். சில நாள் எதைக் கொண்டு கழுவினாள் என்று வாங்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால் வாங்கியவர்கள் குறைந்தார்கள்.

நான் தினமும் ஜன்னலில் நின்று அவளுடைய இடத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினெட்டு. பதினைந்து. பன்னிரண்டு. எண்ணாமல் இருக்கத்தான் முயன்றேன்.

இருபதாம் நாள் அவள் பத்தாவது. ஐந்து மணி முப்பத்தொரு நிமிடத்துக்கு அவளுடைய முறை வந்தது. நான் கொப்பியில் எழுதியிருந்த அதே நிமிடம். முதல் வாளி நிறைந்தது. இரண்டாவது நிறைந்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்குள் போவாள் என்று பார்த்தேன். அவள் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு என் ஜன்னலை நோக்கி வந்தாள்.

"கிளாக்கர் ஐயா. ஒங்க கணக்கு சரி. இன்னக்கி நான் வேனைப் பிடிச்சிருப்பேன்."

பிறகு ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"ஒங்க தாள்ல ரெண்டு பேரு. கொடியில மூணு பேர் துணி காயுது. மூணு மாசமா நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். யாராவது வாயத் தெறந்தோமா?"

அவள் பின்னால் நகர்ந்து, வாளியை இரண்டு கையாலும் தூக்கி, என் கறுப்புச் சதுரத்தின் மேல் வீசினாள். வெண்கட்டி எழுத்து கரைந்து சுவரோடு வழிந்தது. தமிழும் போனது, சிங்களமும் போனது.

அந்தத் தோட்டத்தில் தண்ணீரைக் கொட்டுவதைவிடப் பெரிய குற்றம் இல்லை. கால் தட்டுப்பட்டு ஒரு செம்பு சிந்தினாலே குடும்பத்தையே இழுத்துத் திட்டுவார்கள். ஒரு முழு வாளி தரையில் ஓடியது. வரிசையில் முப்பத்துமூன்று பேர் காத்து நின்றார்கள். ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. முச்சக்கரவண்டிக்காரன்கூடத் தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் கத்தல் திரும்பி வந்தது. "வேலைக்குப் போறவளுக்கு விடுங்கடி" என்ற குரலும் வந்தது. இந்தமுறை முந்திக்கொண்டு பிடித்தவர்களை எண்ணினேன். ஐந்து பேர். முன்பு வேலைக்குப் போனவர்கள் ஆறு பேர் என்று அன்றுதான் கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த இரைச்சலுக்குள் ஒரு முறை இருந்திருக்கிறது. யாருக்கு அவசரம் என்று தெரிந்தவர்கள், திட்டித் திட்டியே வழி விட்டிருக்கிறார்கள். மூட்டை எண்ணுகிறவன் கண்ணுக்கு அது தெரியவில்லை.

இப்போது யாராவது, அவர்களே ஒழுங்குபடுத்திக்கொள்வார்கள், நாம் தலையிடத் தேவையில்லை என்று சொல்லத் தொடங்கினால் அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முந்தலும் நியாயம் இல்லை, என் வரிசையும் நியாயம் இல்லை. நாற்பத்து மூன்று வீட்டுக்கு ஒரு குழாயை எப்படிப் பங்கு போட்டாலும் ஒருத்திக்கு வேன் போய்விடும். எந்த ஒருத்திக்கு என்பதைத்தான் நாங்கள் மாற்றிக்கொண்டிருந்தோம். அங்கே இரண்டாவது ஒரு குழாய் இருந்திருந்தால் அவள் கொலர் தைத்துக்கொண்டே இருந்திருப்பாள். அவளுக்கு வேறு எதையும் யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவை இருக்கவில்லை. அவள் நாலு மணிக்கே எழும்பியவள்.

மச்சானுக்குக் கடதாசிகள் வந்து அவர் போய்ச் சேர இன்னும் இரண்டு மாதம் எடுத்தது. அவர் போன மறுநாள் நான் ஒரு றப்பர்க் குழாய் வாங்கி, பின்வளவுப் பைப்பில் மாட்டி, மதிலில் ஒரு துளை போட்டு ஒழுங்கைப் பக்கம் நீட்டிவிட்டேன். காலையும் மாலையும் திறந்துவிட்டேன். முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் நெற்றி கிழிந்த கிழவி வந்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு மாதத்தில் பதினாறு வீடு அதில் பிடித்தது. பொதுக் குழாயடியில் சத்தம் பாதியாகக் குறைந்தது. கிணற்றுக்குப் போகிறவர்களும் குறைந்தார்கள். இத்தனைக்கும் செலவு ஒரு றப்பர்க் குழாய்.

இருபத்தொன்பதாம் வீட்டு வாளி கடைசிவரை அதற்குக் கீழே வரவில்லை. மனைவி ஒருநாள் மதிலுக்கு மேலால் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"பிள்ளை, வாளியைக் கொண்டாவன். ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம்."

"வேணாம்மா. எனக்கு இப்ப அவசரம் இல்ல" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. வெளியே போகும்போது எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல், எதிர்ச் சுவரோடு ஒட்டி நடந்தாள். நாங்கள் வெள்ளவத்தைக்கு வரும்வரை, இன்னும் நாலு வருடம், அவள் பொதுக் குழாயிலேயே நின்று பிடித்தாள்.

இன்று காலை என் குளியலறைக் குழாயில் வாளியை வைத்து மணிக்கூட்டைப் பார்த்தேன். இருபத்திரண்டு செக்கன். ஜன்னலால் பார்த்தால் கால்வாயோரப் பலகை வீடுகள் தெரிகின்றன. முப்பத்தாறு கூரை. உள்ளே எத்தனை பேர் என்று தெரியாது. இந்தமுறை கீழே இறங்கிப் போய்க் கேட்க வேண்டும், யார் யாருக்கு எத்தனை மணிக்கு வேன் என்று. அதைக் கேட்டு எழுதிக்கொண்டுதான் மூன்றாம் மாடிக் கதவைத் தட்டப் போகிறேன்.